“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருந்தால் அவ்வளவுதானா?

இல்லை. வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மிக்சி வாங்குகிறீர்கள். வீட்டில் ஊறவைத்த உளுந்தைப் போட்டு ஓட்டினால் ஜாரின் அடியில் ஒழுகுகிறது, மோட்டாரில் தீய்ந்த வாடை. கடைக்காரர் பில்லின் அடியில் உள்ள அந்த வரியைக் காட்டுகிறார். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

ஒப்பந்தம் என்றால் இருவரும் தெரிந்து ஒப்புக்கொள்வது. காசு கொடுத்த பிறகு கைக்கு வரும் பில்லில் இருப்பது ஒருவர் மட்டும் எழுதிய வரி. சட்டம் கொடுத்த உரிமையை அது பறிக்க முடியாது. தெருமுனையில் ‘தனியார் வழி’ என்று ஒருவர் போர்டு மாட்டினால் பொதுவழி அவருடையதாகிவிடுமா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதனால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், ஒழுகுவதை வீடியோ எடுங்கள், கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கேட்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் பலர் தவறாக நினைக்கிறார்கள்: நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்த உரிமை கிடையாது, பொருளில் குறை இருக்க வேண்டும்.