பட்டறையும் திரையும்

கேள்வி: எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் எலக்ட்ரீஷியன், வெல்டர் பிரிவுகளுக்கு இணையவழிக் கற்பித்தலை எப்படித் திட்டமிடுவது?

பதில்: மென்பொருள் வாங்குவதற்கு முன், திரையில் கற்பிக்கக்கூடியது எது, பட்டறையில் மட்டுமே கைவரக்கூடியது எது என்று பயிற்றுநர்களுடன் அமர்ந்து பாடத்திட்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓம் விதியையும் மின்சுற்று வரைபடங்களையும் மாணவர்கள் முந்தைய நாளே கைபேசியில் பார்த்துவிட்டு வந்தால், பட்டறை நேரம் முழுவதும் கைவேலைக்கே கிடைக்கும். ஆனால் வெல்டிங்கில் ஆர்க் இடைவெளியையும் (மின்முனைக்கும் உலோகத்துக்கும் இடையே விடும் தூரம்) கையின் வேகத்தையும் எந்தக் காணொளியும் பழக்கிவிடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தொழிற்பயிற்சிப் பாடநூல்களைத் தயாரிக்கும், சென்னை கிண்டியிலுள்ள நிமி (NIMI) நிறுவனத்தின் நூல்களும் மத்திய அரசின் இணையவழித் தொழிற்கல்வித் தளமான பாரத் ஸ்கில்ஸும் இருப்பதால், எல்லாவற்றையும் நீங்களே தயாரிக்க வேண்டியதில்லை. சொந்தமாக எடுக்கும் காணொளிகள் 5 நிமிடத்துக்குள் அமையட்டும். டேட்டா வாங்க வசதியில்லாத மாணவர்கள் நிலையத்தின் வைஃபையிலேயே அவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள அவசியம் வழிசெய்யுங்கள்.