பதில்: மகனின் இரத்தத்தில் ஈயம் 9, ஆனால் அறிகுறி எதுவும் இல்லை

வணக்கம் சகோதரி. கணவர் கோவைக்கு அருகே பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் இருப்பதாகவும், நான்கு வயது மகனுக்கு விரல்நுனியில் எடுத்த இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் வந்தும், "பையன் நல்லாத்தானே ஓடியாடுறான்" என்று மாமியார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஓடியாடுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்து, நோய்க்குறி ஏதும் தெரியாத பிள்ளைகளிடமும் ஈயம் மிகுந்தால் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைவதை 1979இல் காட்டினார்.

விரலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், முதலில் நரம்பில் இரத்தம் எடுத்து மறுபடி சோதியுங்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பெரும்பாலும் 45ஐ எட்டினால்தான் தேவைப்படும். அதற்காக யாரேனும் செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடியைக் கொடுத்தால் வாங்க வேண்டாம், ஈயம் கலந்த செந்தூரங்களும் உண்டு.

கணவர் பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வரட்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், ராகிக்களியும் முருங்கைக்கீரையும் அடிக்கடி கொடுங்கள்.