தண்ணீர் தாங்காத கூற்று

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. 'ஹோல்ட் வாட்டர்' என்ற ஆங்கிலத் தொடரை ஒரு கட்டுரையில் 'அவருடைய கூற்று தண்ணீர் தாங்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். நான் 'உண்மையென்று நிரூபணமாகவில்லை' என்று திருத்தினேன். புதிய மரபுத்தொடர்கள் இப்படித்தானே தமிழுக்கு வரும் என்கிறார் உடன் பணியாற்றுபவர். எது சரி?

வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அடித்தது சரி. அதற்குப் பதிலாக நீங்கள் எழுதியது சரியில்லை. அந்த ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் இருப்பது தண்ணீர் ஊற்றி வைக்கும் ஒரு பாத்திரம். ஆராய்ந்து பார்க்கையில் வாதத்தில் ஓட்டை தெரிகிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. சொன்னது உண்மைதான் என்று பிறகு உறுதிப்பட்டதைச் சொல்ல ஆங்கிலத்திலேயே 'போர்ன் அவுட்' என்ற வேறு தொடர் இருக்கிறது. 2019 கோடையில், புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்த நாட்களில், லாரி புறப்பட்டாயிற்று, சாலையில் நெரிசலும் இல்லை, ஆகவே பத்து மணிக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கணக்குச் சொன்னபோது, அதில் எவராலும் குறைகாண முடியவில்லை. பச்சையும் நீலமுமாகக் குடங்கள் வரிசையில் காத்திருக்க, லாரி மாலை நான்கு மணிக்கு வந்தது. வாதம் நின்றது, சொன்னது மெய்யாகவில்லை.

'நின்றது' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். 'இந்த வழக்கு கோர்ட்டில் நிற்காது' என்று வழக்கறிஞர்கள் அன்றாடம் சொல்வதுதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்காது என்பதிலும் அதே வினை இருப்பதால், ஆங்கிலத்திலிருந்து தண்ணீரைத் தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. 'எடுபடவில்லை' என்று எழுதலாமா என்றால், அது கேட்டவர் ஏற்கவில்லை என்பதைச் சொல்லுமே தவிர, வாதத்தின் குறையைச் சொல்லாது. நல்ல வாதமும் எடுபடாமல் போவதுண்டு.

உங்களுடன் பணியாற்றுபவர் சொல்வதை நான் முழுக்க மறுக்கவில்லை. முதலைக் கண்ணீரும் சிவப்பு நாடாவும் ஆங்கிலத்திலிருந்து வந்தவைதாம், இன்று யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் தமிழில் 'தாங்குதல்' பாரத்தைத் தாங்குவது. 'தண்ணீர் தாங்கவில்லை' என்று படிப்பவருக்கு மொட்டைமாடித் தொட்டிதான் நினைவுக்கு வரும். மேலும், சட்டி பானையை நாம் நீரூற்றிச் சோதிப்பதில்லை. கொசப்பேட்டையில் மண்சட்டி வாங்குபவர் அதை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார். ஓசை மங்கினால் வெடிப்பு என்று திருப்பி வைத்துவிடுகிறார்.

அந்த வரியை 'அவருடைய வாதம் நிற்கவில்லை' என்று மாற்றிவிடுங்கள். கூற்று பின்னர் உண்மையான இடங்களில் 'மெய்யாயிற்று' போதும். 'பலித்தது' என்பதைச் சோதிடருக்கு விட்டுவிடலாம்.