கோடி காட்டுதலும் கோடிட்டுக் காட்டுதலும்

வணக்கம் ஐயா,

தங்கள் சென்ற வாரக் கட்டுரையில் "முதல் அத்தியாயமே நாவலின் முடிவைக் கோடிகாட்டிவிடுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். "கோடிட்டுக் காட்டிவிடுகிறது" என்பதுதான் தட்டச்சில் சிதைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் வேறோரிடத்திலும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? எண்ணைக் குறிக்கும் கோடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது தட்டச்சுப் பிழையன்று. இவ்விரு வினைகளும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் ஏறக்குறைய எதிரெதிரானவை. ஒன்றைக் கோடிட்டுக் காட்டுபவர், அது யார் கண்ணிலும் தப்பிவிடக் கூடாதென்று அடிக்கோடிட்டு முன்னால் வைக்கிறார். கோடி காட்டுபவரோ, சொல்லவந்ததன் ஓரத்தை மட்டும் தெரியவிட்டு, மீதியைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். இங்கே கோடி என்பது முனை. தெருக்கோடியிலும் கடைக்கோடியிலும் தனுஷ்கோடியிலும் உள்ள அதே கோடி. நூறு லட்சம் என்ற பொருளுக்கு இதில் வேலையில்லை. கோடியைக் காட்டுதல் என்பதே பொருளாதலால், "வழி காட்டினான்" என்பதைப் போல, இடையில் வல்லினமும் மிகாது.

பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஆனால் தங்கள் மூத்த மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வார்கள். கோடி காட்டுதல் என்றால் அதுதான். பின்னால் யாராவது கேட்டால், "நாங்கள் எதுவும் கேட்கவில்லையே" என்று சொல்லவும் அதில் இடமிருக்கிறது. "கூட்டணி மாறலாம் என்று தலைவர் கோடி காட்டினார்" என்றால் அவர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று பொருள். அங்கே செய்தியாளர் "கோடிட்டுக் காட்டினார்" என்று எழுதிவிட்டால், தலைவர் மறுப்பறிக்கை விட வேண்டியதுதான்.

குறிப்பாகச் சொல்வதெல்லாம் கோடி காட்டுதல் ஆகிவிடாது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் பொருள் தோன்றும் வகையைத் "தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும்" என்று, அதாவது சொல்லிலேயே வெளிப்படையாகத் தெரிவது, குறிப்பால் உணரப்படுவது என்று, இரண்டாகப் பிரிக்கிறது. குறிப்புக்கு உரையில் வரும் எடுத்துக்காட்டு சுவையானது: சோறு உண்பவன் கல்லைக் கடித்துவிட்டு "நன்கட்டாய்", அதாவது நன்றாகச் சமைத்தாய், என்கிறான், நன்றாகச் சமைக்கவில்லை என்பது குறிப்பால் தோன்றுகிறது. இதை நான் கோடி காட்டுதல் என்று சொல்லமாட்டேன். கருதிய பொருளின் ஓரம்கூட அந்தச் சொல்லில் இல்லை, அதன் மறுதலைதான் இருக்கிறது, இது குத்தல். ஒருவரை நோக்கிச் சொல்வதுபோல் இன்னொருவர் காதில் விழச் செய்வது சாடை. பூடகமாகப் பேசுபவருக்கு மறைப்பதில்தான் அக்கறை. கோடி காட்டுபவர் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்றே விரும்புகிறார்.

ஆகவே "லேசாகக் கோடி காட்டினார்" என்பது பொருந்தும். "வன்மையாகக் கோடி காட்டினார்" என்பது பொருந்தாது. தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே வினையாகச் சேர்த்தும் எழுதலாம். "கோடிகாட்டிவிடுகிறது" என்பதைப் போலத் துணைவினை ஒட்டும்போது சேர்த்தெழுதுவதே கண்ணுக்கு எளிதாக இருக்கிறது.