“விருப்பப்பட்டு டிசி கேட்கிறோம்” என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். போன மாதம் ஒரு நாள் இரவு மெஸ்ஸில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனோடு தகராறு. அந்தப் பையனுக்கு உதட்டில் தையல் போடும் அளவுக்கு அடி. அடித்தது வேறு இரண்டு பேர், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் என்கிறான் என் மகன். அன்று இரவே வார்டன் அறையில் உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள். மறுநாள் “மறு உத்தரவு வரும்வரை சஸ்பெண்ட்” என்று ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இப்போது, “விருப்பப்பட்டு டிசி கேட்பதாக நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ராகிங் என்று போலீசுக்குப் போவோம்” என்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்கள் கையில். அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு. கோர்ட்டுக்குப் போனால் உடனே தீர்ந்துவிடுமா?
(ஒரு தந்தை, தென்காசி மாவட்டம்)

பதில்: அந்த டிசி கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு மாணவனைக் கல்லூரியை விட்டு நீக்க வேண்டுமென்றால் என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும், அவன் பதிலைக் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும், காரணத்தோடு உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு இருந்தால்தான் நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியும். “சொந்த விருப்பத்தின் பேரில்” என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் தண்டனை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு எந்த நீதிபதியிடம் போனாலும், “நீங்கள்தானே கேட்டு வாங்கினீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

போலீஸ் மிரட்டலைப் பார்ப்போம். ராகிங் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், நடந்தது தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் ராகிங் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும் என்று கல்லூரித் தலைவருக்கே கடமை விதிக்கின்றன. ஆக, அது ராகிங்தான் என்று கல்லூரி நம்பியிருந்தால் போன மாதமே புகார் போயிருக்க வேண்டும். ராகிங் இல்லை என்றால் இன்றைக்கு அதைச் சொல்லி உங்களிடம் டிசி கேட்க முடியாது. போலீஸ் புகார் பேரம் பேசுவதற்கான பொருள் இல்லை. ஆனால் இதை முதல்வர் அறையில் போய்ச் சத்தமாகச் சொல்லாதீர்கள். ரோஷத்தில் அன்று மாலையே புகார் போய்விடும். அடிபட்ட பையனின் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் தாங்களே புகார் கொடுக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். “முதலாண்டு மாணவன் இல்லையே, இது எப்படி ராகிங்?” என்று பலர் கேட்கிறார்கள். அந்த வாதம் நிற்காது. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம், “ஒரு மாணவருக்கு” உடலுக்கோ மனதுக்கோ கேடு விளைவிப்பது என்றுதான் பேசுகிறது. எந்த ஆண்டு மாணவர் என்று பார்ப்பதில்லை. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அடித்தவர் மட்டுமல்ல, பங்கெடுத்தவரும் உடந்தையாக இருந்தவரும் அதில் வருவார்கள். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியில் சேரவும் தடை. அதனால் “பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்” என்ற ஒரு வரி போதாது. நின்றுகொண்டு என்ன செய்தான்? விலக்கிவிட்டானா? கதவை மறித்து நின்றானா? போனில் வீடியோ எடுத்தானா? உங்களிடம் சொல்லாததை வக்கீலிடமாவது சொல்லட்டும்.

சரி, மன்னிப்புக் கடிதம். இப்படி வருகிற வழக்குகளில் பாதி தலைவலி இந்த ஒரு தாளால்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வார்டனும் ஹெச்ஓடியும் எதிரே உட்கார்ந்துகொண்டு, “எழுதிக் கொடுத்துட்டுப் போ, இதோட விட்டுடறோம்” என்பார்கள். பையனும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவான். மறுநாள் அதே தாள் “மாணவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்று ஃபைலில் ஏறிவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இனிமேல் இப்படி நடக்காது, மன்னித்துவிடுங்கள்” என்றால் சமாளிக்கலாம். “நான் அவனை அடித்தேன்” என்றிருந்தால் கஷ்டம், ஆனாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு முதல்வருக்கு எழுதுங்கள். எந்தச் சூழ்நிலையில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் எழுதப்பட்டது என்பதையும் அதிலேயே விவரமாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. நாள் தள்ளத் தள்ள இந்த விளக்கத்துக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

அதே கடிதத்தில் மெஸ் சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். மகன் சொல்வது உண்மையானால் அவனைக் காப்பாற்றப்போவது அதுதான். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி விசாரணை என்றால் கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இல்லை. இங்கேதான் பெற்றோர்கள் ஏமாந்துபோகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் காப்பியடித்ததாகச் சொல்லி விளக்கமே கேட்காமல் மாணவர்களின் தேர்வு முடிவை ரத்து செய்ததை 1962இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1973இல் ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. மாணவியர் விடுதிக்குள் புகுந்து அநாகரிகமாக நடந்துகொண்டதாக மாணவர்கள் சிலரை இரண்டு ஆண்டுக்கு நீக்கினார்கள். மாணவிகளின் வாக்குமூலத்தை எங்கள் முன்னால் பதிவு செய்யவில்லை, குறுக்கு விசாரணைக்கும் விடவில்லை என்று அந்த மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அந்தச் சூழ்நிலையில் அது போதும் என்று நீதிமன்றம் கல்லூரி பக்கம் நின்றது. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம், வக்கீலை அனுப்பலாம் என்றெல்லாம் எண்ணியிருக்காதீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய அவசியமும் கல்லூரிக்கு இல்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவே போதும்.

எனவே குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் மெமோ வந்தால் அதற்கு எழுதும் பதில்தான் உங்கள் மகனுடைய வழக்கு. வேறு சந்தர்ப்பம் கிடைக்காமலே போகலாம். யார் யார் இருந்தார்கள், எந்த மேஜை, யார் முதலில் கை நீட்டியது, அப்போது இவன் எங்கே நின்றான், பிறகு எங்கே போனான் என்று எத்தனை மணிக்கு என்பதோடு எழுதச் சொல்லுங்கள். நான்கு பக்கம் சட்டம் பேசுவதைவிட இது மேல். மெமோ வரவில்லை என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்.

சஸ்பென்ஷனில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. விசாரணை முடியும்வரை ஒரு மாணவனைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்துவதைத் தவறு என்று நீதிமன்றம் சொல்லாது. ஆனால் 1997 சட்டத்தின்படியே பார்த்தாலும், புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்து, உண்மை என்று கண்டால்தான் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். இங்கே விசாரணை நடக்கவில்லை, தேதியும் சொல்லவில்லை, மாதம் ஒன்று ஓடிவிட்டது. 75 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் தேர்வெழுத முடியாதபடி பல பல்கலைக்கழகங்களில் விதி உண்டு. இப்படியே இழுத்தால் விசாரிக்காமலே ஒரு செமஸ்டர் போய்விடும். வருகைப்பதிவு இன்று எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். சஸ்பென்ஷன் நாட்களை அதில் கழிக்கக் கூடாது என்றும் கேளுங்கள்.

சான்றிதழ் விஷயம் சுலபம். சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளிலும் ஆவணங்களைத் தர மறுப்பது ஒரு குறையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் உள்ள குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். அவர்கள் கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ராகிங் என்று முடிவு செய்து தண்டனை உத்தரவு போட்டால், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்பதால் மேல்முறையீடு அதன் துணைவேந்தருக்குப் போகும். 2009 விதிமுறைகளில் தண்டனைக்குப் படிகள் இருக்கின்றன. வகுப்புக்கு வராமல் நிறுத்துவது, ஹாஸ்டலை விட்டு அனுப்புவது, ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை நீக்குவது, கடைசியில் முழு நீக்கம். அடித்தவர்களுக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் ஒரே தண்டனை என்றால் அதையே மேல்முறையீட்டில் முதல் காரணமாக வையுங்கள்.

கோர்ட் பற்றிக் கேட்டீர்கள். தனியார் கல்லூரி என்பதற்காக ரிட் மனு, அதாவது உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு, போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்வி தருவது பொதுக் கடமை என்று சொல்லி, தமிழ்நாட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் மீதே ரிட் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி இருக்கும் மாவட்டத்தைப் பொறுத்து சென்னையிலோ மதுரைக் கிளையிலோ மனு போடலாம். ஆனால் நீதிபதி, “உன் மகன் அடித்தானா?” என்ற கேள்விக்குள் போக மாட்டார். முறைப்படி கேட்டார்களா என்று மட்டும் பார்ப்பார். கேட்கவில்லை என்றால் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கல்லூரிக்கே திருப்பி அனுப்புவார். தேர்வு நெருங்கினால், எழுத அனுமதி, தேர்வு முடிவு மட்டும் வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்ற இடைக்கால உத்தரவு கிடைக்கலாம். நிச்சயம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் எழுத்தில் கேளுங்கள், ஒரு வாரம் பாருங்கள், பதில் இல்லையென்றால் அந்த ரசீதுகளோடு வக்கீலிடம் போங்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் பிரச்சினைக்கு அது சரியான இடமில்லை.

அடிபட்ட பையனை உங்கள் மகனோ அவன் நண்பர்களோ போனில் கூப்பிடவோ மெசேஜ் அனுப்பவோ கூடாது. சமாதானம் பேசத்தான் போனோம் என்றாலும் சாட்சியை மிரட்டினார்கள் என்றுதான் ஃபைலில் ஏறும். பெரியவர்கள் பேச வேண்டுமென்றால் நீங்கள் ஒருவர் மட்டும், அந்தப் பையனின் அப்பாவிடம், அவர் விரும்பினால் பேசுங்கள்.

எல்லாம் யோசித்து, இந்தக் கல்லூரியே வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுத்தால் அது வேறு விஷயம். அப்போதும் மகன் மீது நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசியில் “நடத்தை” என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆபீஸ் கவுன்ட்டரிலேயே படித்துப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.