வீட்டு நீச்சல் குளம்: கலிபோர்னியாவின் சான் ஹோசே, சன்னிவேல், குபர்டினோ நகரங்களில் பெர்மிட் கேள்விகள்

கேள்வி (சான் ஹோசே): அண்ணா, சன்னிவேலில் நண்பர் குளம் கட்டினார். அவருடைய பிளானையே இங்கே கொடுத்து பெர்மிட் வாங்கலாமா?

வேண்டாம். பாதுகாப்பு விதிகளுக்கு கலிபோர்னியா மாநிலச் சட்டம்தான் அடிப்படை. ஆனால் வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்டலாம், பம்ப் எங்கே வைக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். இன்னொன்று, தபால் முகவரியில் சான் ஹோசே என்று இருந்தாலும் அலம் ராக், பர்பாங்க் பக்கம் பல வீடுகள் நகர எல்லைக்குள் வராது. அவர்களுக்கு பெர்மிட் தருவது சாண்டா கிளாரா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்). முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி (குபர்டினோ): கொல்லையில் பெரிய ஓக் மரம் இருக்கிறது. வெட்டிவிட்டுக் குளம் கட்டலாமா?

அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். குபர்டினோ மரத்தின் இனத்தைப் பார்க்கும். அந்த ஊர் பாதுகாக்கும் இனங்களின் பட்டியலில் உள்ளூர் ஓக் வகைகள் இருக்கின்றன. சான் ஹோசேயிலும் சன்னிவேலிலும் சுற்றளவுதான் கணக்கு: நாலரை அடி உயரத்தில் 38 அங்குலம் இருந்தால் எந்த மரமானாலும் அனுமதி வேண்டும். மரத்தை விட்டுவிட்டு, குளத்தை நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி (சன்னிவேல்): மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கதவு அலாரமும் தண்ணீரில் மிதக்கும் அலாரமும் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

2018 முதல், புதிதாகக் கட்டினாலும் புதுப்பித்தாலும் சட்டப் பட்டியலில் உள்ள பாதுகாப்புகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆனால் அலாரம் அடிக்கும்போது குழந்தை ஏற்கெனவே வெளியே போயிருக்கும், இல்லை தண்ணீரில் இருக்கும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வேலி போடுங்கள். ஐந்தடி உயரம் வேண்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. நாலு அங்குலப் பந்து எங்கேயும் நுழையக் கூடாது. கேட் தானாக மூடி, தானாகத் தாழிட வேண்டும்; குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும்; தாழ்ப்பாள் 60 அங்குலத்துக்குக் கீழே வரக் கூடாது. அப்புறம், வேலி ஓரத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வைக்காதீர்கள். குழந்தை ஏறிவிடும்.

கேள்வி: கடையில் வாங்கித் தரைமேல் வைக்கும் குளத்துக்கும் பெர்மிட் வேண்டுமா?

24 அங்குலத்துக்குக் குறைவான ஆழம் என்றால் பொதுவாக பில்டிங் பெர்மிட் தேவையில்லை. ஆனால் பாதுகாப்புச் சட்டத்தில் 18 அங்குலத்தைத் தாண்டினாலே அது நீச்சல் குளம். பயன்படுத்தாதபோது தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பெர்மிட் கைக்கு வந்துவிட்டது. நாளைக்கே தோண்டலாமா?

நிலத்தடி லைன்களைக் குறித்துத் தரும் 811 எண்ணை அழைத்தீர்களா? குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னால் சொல்ல வேண்டும். கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தை அவர்கள் தரையில் குறித்த பிறகு தோண்டுங்கள்.