ஒரே பிரிவு, இரு வேறு தண்டனை: வாசகர் சட்டக் கேள்வி – பதில்

கேள்வி: ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த எங்கள் பங்காளி வீட்டில் பித்தளை அண்டாக்களும், இரண்டாம் கட்டில் இருந்த செதுக்கு வேலைப்பாடு கொண்ட பர்மாத் தேக்குக் கதவும் திருடு போயின. பிடிபட்டவருக்கு 9 மாதச் சிறை. பக்கத்து ஊரில் இதே போன்ற திருட்டுக்கு, இதே பிரிவின் கீழ், வேறொரு நீதிமன்றம் 3 ஆண்டு கொடுத்திருக்கிறது. தண்டனைக்கு அளவுகோலே கிடையாதா? (காரைக்குடி வாசகர்)

பதில்: சட்டம் உச்ச வரம்பை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த திருட்டு என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 380-ஆவது பிரிவும், அன்று முதல் நடந்தது என்றால் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவும் பொருந்தும். இரண்டிலுமே 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்; குறைந்தபட்சம் இவ்வளவு என்று எதுவும் இல்லை. வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடமாக இருந்தாலே போதும் என்பதால், நம் பக்கத்துப் பூட்டிய வீடுகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஆக, ஒரு நாள் முதல் 7 ஆண்டு வரை விரிந்து கிடக்கும் இடைவெளியில் எந்த இடத்தில் நிற்பது என்பதை நீதிபதியே முடிவு செய்கிறார். நீங்கள் சொல்லும் இரண்டு எண்களுக்கும் சட்டப் புத்தகத்துக்கு வெளியே எளிய காரணம் இருக்கலாம். முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறையே 3 ஆண்டுதான். அது போதாது என்று அவர் கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். எனவே அந்த 3 ஆண்டு, அந்த நடுவரின் அதிகாரம் முடியும் எல்லையாக இருந்திருக்கலாம். 9 மாதம் என்பதோ, குற்றவாளி ஏற்கெனவே காவலில் கழித்த காலமாக இருக்கலாம். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்பது சட்டம்; அதையே அளவாக வைத்து, கழித்த காலமே போதும் என்று வழக்கை முடிப்பது நீதிமன்றங்களில் சாதாரணமாகக் காணும் காட்சி.

இதற்காக நடுவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி அவர் சொல்வதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1976-இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெறும் சடங்காக்கக் கூடாது என்று வற்புறுத்தியது. நடப்பில், 'வயதான தாய் தந்தையர் உள்ளனர், கருணை காட்ட வேண்டும்' என்ற இரண்டு வரி பதிவாகி, அன்று மாலையே தண்டனை வந்துவிடுகிறது. அந்தக் கதவு வெறும் மரமா, அல்லது அய்யா பர்மாவிலிருந்து தேக்கு வரவழைத்து ஆசாரிகளை மாதக்கணக்கில் வைத்துச் செய்ததா என்பதை அந்த அறையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தகவலே வராத இடத்தில் எந்த அளவுகோலை வைத்து அளப்பது?

கேள்வி: 19 வயதுப் பையன், முதல் தவறு, திருடியது ஒரு பித்தளைச் செம்பு. சிறைக்கு அனுப்பியே ஆக வேண்டுமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டியதில்லை, ஆச்சி. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதே விதி. அனுப்பினால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வீட்டுக்குள் புகாமல் நடந்த சாதாரணத் திருட்டாக இருந்து, மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும், முதல் குற்றமாகவும், பொருளோ அதன் மதிப்போ திரும்பி வந்ததாகவும் இருந்தால், புதிய சட்டம் சமூக சேவையையே தண்டனையாக வைத்திருக்கிறது.

கேள்வி: இங்கிலாந்தில் தண்டனைக்கென்றே வழிகாட்டு நெறிகள் உண்டு என்று லண்டனில் இருக்கும் என் மகள் சொல்கிறாள். அவற்றை யார் எழுதுகிறார்கள்? எழுதியபின் மாற்ற முடியுமா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: உண்டு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2010 முதல் தண்டனைக் கவுன்சில் ஒன்று இயங்குகிறது. அதன் 14 உறுப்பினர்களில் 8 பேர் நீதித்துறையினர், 6 பேர் வெளியார். ஒரு குற்றத்துக்கு நீதிமன்றங்கள் இப்போது என்ன தண்டனை கொடுத்து வருகின்றன என்ற கணக்கையும், நீதிபதிகள் சொன்ன காரணங்களையும் முதலில் பார்க்கிறார்கள்; வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் உட்பட எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள்; அந்த நெறியால் சிறைகளில் எவ்வளவு கூடுதல் இடம் தேவைப்படும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது சட்டம்.

செட்டிநாட்டாருக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ரங்கூனில் வட்டிக்கடை நடத்திய நம்மவர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, பண நிலவரத்தைப் பார்த்து 'நடப்பு வட்டி' குறித்தார்கள். அவரவர் கடன் அந்த வட்டியை ஒட்டி, ஆளின் நாணயத்தையும் ஈட்டையும் பொறுத்து ஏறவும் இறங்கவும் செய்தது. வழிகாட்டு நெறியும் அப்படித்தான் வேலை செய்கிறது. குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு, விளைந்த தீங்கு எவ்வளவு என்று பார்த்து ஒரு தொடக்கப் புள்ளியில் நிற்கிறார் நீதிபதி. முன்குற்றங்கள் போன்றவற்றுக்காக ஏற்றுகிறார், மனந்திருந்தல் போன்றவற்றுக்காக இறக்குகிறார். குற்றத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைகிறது. திருட்டுக்கான நெறியில் என்னைக் கவர்ந்த ஓர் இடம் உண்டு: பொருளின் விலை எதுவானாலும் இழந்தவருக்கு அது பெருமதிப்புள்ளதாக இருந்தால் தீங்கு கூடியதாகக் கொள்ள வேண்டும், பாரம்பரியச் சொத்துக்கு நேர்ந்த சேதமும் அவ்வாறே. நம் ஊர்த் தேக்குக் கதவு அங்கே திருடு போயிருந்தால் நீதிபதி இந்த வரியைத் தாண்டிப் போயிருக்க முடியாது. நெறியைப் பின்பற்றுவது நீதிக்கு மாறாக அமையும் என்றால் விலகலாம்; விலகும்போது காரணம் சொல்ல வேண்டும்.

திருத்துவதில்தான் சண்டை வரும். 2025-இல், தண்டனைக்கு முன் பெறும் அறிக்கைகள் பற்றிய ஒரு புதிய நெறி, சிறுபான்மை இனத்தவருக்குச் சலுகை காட்டுவதாக எதிர்ப்புக் கிளம்பியது. நடைமுறைக்கு வரவிருந்த ஏப்ரல் 1-க்கு முன்பே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அத்தகைய நெறியைத் தடுப்பதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 1987 நவம்பரில் இதைவிடக் கடினமான வழியில் தொடங்கின: ஒரு பக்கம் குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், மறுபக்கம் பழைய குற்றங்களுக்கு 6 பிரிவுகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கு. பஞ்சாங்கம் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அட்டவணை கட்டாயமில்லை, ஆலோசனை மட்டுமே என்று ஆக்கிவிட்டது. அட்டவணையை எழுதும் தண்டனை ஆணையம், திருத்தங்களை மே 1-க்குள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பும்; காங்கிரஸ் தடுக்காவிட்டால் நவம்பர் 1 முதல் அவை நடப்புக்கு வரும்.

கேள்வி: இந்தியாவுக்கு இது வருமா? அதுவரை, தண்டனை குறைவு என்று நினைக்கும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியுமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: குற்றவியல் நீதி முறையை ஆராய மத்திய அரசு அமைத்த இரு குழுக்கள், 2003-இல் மலிமத் குழுவும் 2008-இல் மாதவ மேனன் குழுவும், வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டன. மரண தண்டனைக்கு மட்டும், 1980-இல் பச்சன் சிங் வழக்கின் 'அரிதினும் அரிதான' என்ற அளவுகோல் இருக்கிறது. 2022-இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் மனநிலை, சிறை நடத்தை, பின்னணி பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றத்திலேயே பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மே மாதம், முழுமையான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைக் கேட்டது. என் கருத்தில் நமக்கு முதலில் வேண்டியது அட்டவணை அன்று. மரண தண்டனை வழக்கில் கேட்கப்படும் அந்த அறிக்கைகளில் பாதியாவது சாதாரண வழக்கிலும் நடுவரின் மேசைக்கு வர வேண்டும்; அது வராமல் எழுதப்படும் எந்த அட்டவணையும் ஊகத்தின் மேல் நிற்கும்.

மேல்முறையீட்டைப் பொறுத்தவரை பதில் கசப்பானது. விடுதலையை எதிர்த்தும், குறைந்த பிரிவில் தண்டித்ததை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்று செய்ய முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த உரிமை அரசுக்கு மட்டுமே. நடுவரின் தீர்ப்பு என்றால் அரசு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே கதவின் வயது, மரம், வேலைப்பாடு, இன்றைய மதிப்பு ஆகியவற்றைப் பற்றிய மதிப்பீட்டுச் சான்றையும் பழைய புகைப்படங்களையும் சாட்சி விசாரணைக் காலத்திலேயே அரசு உதவி வழக்கறிஞரிடம் கொடுத்து ஆவணமாகக் குறியிடச் செய்யுங்கள். தண்டனை அறிவித்த பிறகு அவற்றைச் சேர்ப்பது மிகக் கடினம்.